ஏ.டி.ஜி. முடிந்து 9 மாதம்: பிளேட்லெட் இறங்கினால் நோய் திரும்பிவிட்டதா?

வாசகர் கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 31. போன வருடம் கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை போதுமான ரத்த செல்களைச் செய்யாத நோய் என்று சொன்னார்கள். மஜ்ஜை மாற்றுக்கு அண்ணன், தங்கை இருவருடைய எச்.எல்.ஏ.வும் (திசு வகை) எனக்குப் பொருந்தவில்லை. அதனால் நோய் எதிர்ப்பை அடக்கும் குதிரை ஏ.டி.ஜி. மருந்து, அதே வேலைக்கான சைக்ளோஸ்போரின் மாத்திரை, ரத்த செல்களைப் பெருக்கும் எல்ட்ரோம்போபேக் மூன்றும் கொடுத்தார்கள். 5வது மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றவில்லை. அதுவரை சிவப்பணு மட்டும் 22 யூனிட் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது 9 மாதம் ஆகிறது. ஹீமோகுளோபின் 10.8, நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 1,700. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 71,000 வரை ஏறி, சென்ற வாரம் 58,000 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் சளி, காய்ச்சல். வீட்டிலேயே படுத்திருந்தேன், உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென் இரண்டு நாள் போட்டேன். 6 வாரத்துக்கு முன் ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு 640 என்று வந்ததால் டோஸைக் குறைத்தார்கள். அன்றைக்கும் வழக்கம்போல் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். கை நடுங்குகிறது, ஈறு வீங்குகிறது, முகத்தில் முடி வளர்கிறது, மாடி ஏறினால் கால் துவள்கிறது. வீட்டில் "அதான் சரியாகிவிட்டதே, வேலைக்குப் போ" என்கிறார்கள். நோய் திரும்புகிறதா? இந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனேன் என்று, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதில்தான் இருக்கிறது.

சைக்ளோஸ்போரின் அளவு என்று வழக்கமாகப் பார்ப்பது அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தத்தில் மிச்சம் இருக்கும் குறைந்தபட்ச அளவைத்தான். அதாவது இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டால், காலை 8 மணிக்கு வெறுமனே போய் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை பையில் இருக்கட்டும், ஊசி குத்தி முடித்த பிறகு அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். மாத்திரை போட்ட பிறகு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இந்த மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிட்டுத்தான் இறங்கும். அந்த உச்சத்தில் எடுத்த ரத்தம் 640 காட்டினால் அதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கையில் வாங்கிய டாக்டர், நீங்கள் மாத்திரை போடாமல் வந்திருப்பீர்கள் என்று நினைத்து, அளவு எக்கச்சக்கமாக இருக்கிறதே, கிட்னி என்ன ஆவது என்று டோஸைக் குறைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்படியானால் உங்கள் டோஸ் தேவையில்லாமல் குறைந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. 6 வாரமாக மருந்து போதாமல் போயிருந்தால், பிளேட்லெட் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே நாளைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, "அன்றைக்கு மாத்திரை போட்டுவிட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம், திட்டமாட்டார்கள், இது ரத்தவியல் பிரிவில் அடிக்கடி நடப்பதுதான். முறையாக 12 மணி நேரம் விட்டு எடுத்த ரத்தத்தில் அளவு என்ன என்று தெரிந்தால்தான் மற்ற எதையும் பேச முடியும். நீங்களாக டோஸைப் பழையபடி கூட்டிக்கொள்ளாதீர்கள், அது இன்னொரு தப்பு. சரியான அளவு எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு மருத்துவக் குழுவும் வைத்திருக்கும் இலக்கு கொஞ்சம் மாறும், கிட்னியின் வேலையைக் காட்டும் உங்கள் கிரியாட்டினினையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, நோய் திரும்புகிறதா என்ற கேள்விக்கு வருவோம். 71,000 லிருந்து 58,000 என்பதைப் பார்த்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அந்த நோயின் ஆரம்பத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு இறக்கமும் பழையது திரும்புவது போலத்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே, மஜ்ஜை முழு ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குக்கூட பிளேட்லெட் கொஞ்சம் இறங்கும். உங்கள் மஜ்ஜையில் சேமிப்பு குறைவு, அதனால் இறக்கம் இன்னும் பளிச்சென்று தெரியும், மறுபடி ஏறவும் கூடுதல் நாள் பிடிக்கும். சளி விட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு கவுண்ட் பாருங்கள். அது நின்றிருந்தாலோ ஏறியிருந்தாலோ சரி. இரண்டு மூன்று டெஸ்டில் தொடர்ந்து ஒரே திசையில் இறங்கினால், அதிலும் பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் நியூட்ரோஃபிலும் சேர்ந்து இறங்கினால், ரெடிகுலோசைட்டும் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) குறைந்தால், அப்போதுதான் நான் கவலைப்படுவேன். நீங்கள் எழுதிய கணக்கில் நியூட்ரோஃபில் 1,700 இருக்கிறது, அது எனக்கு நல்ல சேதி. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில பேருக்கு ரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கும் உறைதடுப்பு ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெஷின் குறைவாக எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிளேட்லெட் எப்போதும் கடைசியில்தான் வருமா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ரெடிகுலோசைட்டும் நியூட்ரோஃபிலும் முதலில் எழும், பிறகு ஹீமோகுளோபின், பிளேட்லெட் பின்தங்கியே வரும், சிலருக்கு வருடக் கணக்கில் 1 லட்சத்துக்குக் கீழேயே நின்றுவிடும். அப்படி நின்றபடியே வேலை, குடும்பம் என்று நன்றாக வாழ்கிறவர்கள் நிறைய. உங்கள் ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று, சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் ஒரு வரி இருக்கும், அது 100க்கு மேல் காட்டினாலும் பயப்பட வேண்டாம், மீண்டு வரும் மஜ்ஜை கொஞ்சம் பெரிய சிவப்பணுக்களைச் செய்வது வழக்கம்தான்.

இந்த நோயில் என்ன நடந்தது என்று ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொண்டால், மாத்திரையை ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறார்கள் என்ற எரிச்சல் குறையும் என்று நினைக்கிறேன். உங்கள் உடம்பின் பாதுகாப்புப் படையில் இருக்கும் டி செல்கள், எந்தக் காரணத்தாலோ, மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூலச் செல்களையே தாக்கி அழித்துவிட்டன. இதை மருத்துவ உலகம் கண்டுகொண்ட கதை சுவையானது. 1970 வாக்கில் பிரான்சில் ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர், வேறொருவருடைய மஜ்ஜையைச் செலுத்துவதற்கு முன்னேற்பாடாக, டி செல் போன்ற லிம்ஃபோசைட்டுகளை அழிக்கும் சீரம் ஒன்றை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். செலுத்திய மஜ்ஜை ஒட்டவில்லை. ஆனால் சிலருக்கு அவர்களுடைய சொந்த மஜ்ஜையே திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது! தாக்குகிறவனைப் பிடித்துக் கட்டிப்போட்டால் மஜ்ஜை தானே எழுந்துவிடும் என்பது அங்கேதான் தெரியவந்தது. உங்களுக்குக் கொடுத்த ஏ.டி.ஜி. அந்த வழியில் வந்ததுதான். அதோடு சைக்ளோஸ்போரினைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று 1990களின் தொடக்கத்தில் உறுதியானது. குதிரையிலிருந்து எடுத்த ஏ.டி.ஜி.யா முயலிலிருந்து எடுத்ததா என்ற ஒப்பீட்டில் 2011ல் வந்த ஆய்வில், 6 மாதத்தில் குதிரைக்கு 68 சதவீதம் பேரும் முயலுக்கு 37 சதவீதம் பேரும் பலன் கண்டார்கள். 2022ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் எல்ட்ரோம்போபேக் சேர்த்தவர்களில் 6 மாதத்தில் பலன் கண்டவர்கள் 68 சதவீதம், சேர்க்காதவர்களில் 41 சதவீதம். உங்களுக்குக் கிடைத்தது இன்றைக்கு இருக்கும் நல்ல கூட்டுச் சிகிச்சை, அதற்கு உங்கள் உடம்பு ஒத்துழைத்தும் இருக்கிறது. ரத்தம் ஏற்றாமல் 4 மாதமாக இருக்கிறீர்கள், இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள்.

ஆனால் தாக்குதல் அடங்கிய நேரத்தில் உங்களிடம் மிஞ்சியிருந்த மூலச் செல்கள் மிகக் குறைவு. வெள்ளத்தில் எல்லாம் போய் ஒரு குத்து விதைநெல்தான் மிச்சம் என்றால், அதை வைத்து முழு வயலையும் ஒரே பருவத்தில் நட்டுவிட முடியுமா? அதைப் பெருக்கி, அப்புறம்தான் நட வேண்டும். அந்த நேரத்தில் டி செல்களை அடக்கிவைத்திருக்கும் காவல் சைக்ளோஸ்போரின்தான். எப்போது நிறுத்தலாம் என்ற உங்கள் கேள்விக்குப் பலரும் பின்பற்றும் வழி இது: கவுண்ட் ஏறுகிற வரை ஏறி, இதற்கு மேல் ஏறவில்லை என்று ஒரு மட்டத்தில் நின்ற பிறகு, குறைந்தது இன்னும் 12 மாதம் முழு டோஸ். அதன் பிறகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறை 25 மில்லிகிராம் மட்டும் குறைப்பது. கணக்குப் போட்டால் வருடங்கள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது, அதனால்தான் இந்த இழுவை. நீங்கள் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறீர்கள், உச்சத்தையே தொடவில்லை. இப்போது நிறுத்துகிற பேச்சே வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தில் மீண்டவர்களில் ஏறக்குறைய 3ல் ஒருவருக்கு எப்போதாவது நோய் தலைதூக்குகிறது. கேட்க பயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படித் தலைதூக்கினால் முதல் நாள் போல ஒன்றுமில்லாமல் நிற்க மாட்டீர்கள். டோஸைக் கூட்டினாலோ, நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்தாலோ பலர் சரியாகிவிடுகிறார்கள், இல்லையென்றால் இரண்டாவது முறை ஏ.டி.ஜி. இருக்கிறது, உறவில் பொருந்தாவிட்டாலும் வெளிக் கொடையாளரிடமிருந்தோ பாதி பொருந்தும் உறவினரிடமிருந்தோ மஜ்ஜை மாற்று செய்யும் வழியும் இருக்கிறது. சிலர் குறைந்த டோஸ் சைக்ளோஸ்போரினிலேயே வருடக் கணக்கில் நிற்கிறார்கள். அதைத் தோல்வியாக நான் பார்ப்பதில்லை.

இப்போது அந்த மாத்திரை உங்களுக்குக் கொடுக்கும் தொந்தரவுகள். கை நடுக்கம் பெரும்பாலும் அளவு கூடியிருந்தால் வரும், மெக்னீசியம் குறைந்தாலும் வரும். இந்த மருந்து மெக்னீசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், பொட்டாசியத்தை ஏற்றிவிடும், எனவே கிரியாட்டினினோடு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்து முடி டோஸ் குறையக் குறைய உதிர்ந்துவிடும், அதுவரை உங்களுக்கு எது வசதியோ அப்படி எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஷேவ் செய்யும்போது கீறல் விழாமல் மின்சார ரேசராகப் பயன்படுத்துவது நல்லது. இது அழகு சம்பந்தப்பட்ட அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கண்ணாடியில் தன் முகமே வேறு மாதிரி தெரிவது பெரிய வலி, அதனாலேயே மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஈறு வீக்கத்துக்கு மிருதுவான பிரஷால் தினம் இரண்டு முறை பல் தேய்ப்பதும் பல் மருத்துவரிடம் பற்காரையைச் சுத்தம் செய்துகொள்வதும் உண்மையிலேயே உதவும், போவதற்கு முன் உங்கள் பிளேட்லெட் எண்ணை அவருக்குச் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் அல்லது நிஃபெடிபின் கொடுத்திருக்கிறார்களா? அவையும் ஈறை வளர்க்கும், மாற்று உண்டா என்று கேட்கலாம். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். அது பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், சைக்ளோஸ்போரினோடு சேர்ந்து கிட்னியையும் அடிக்கும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எல்லாம் அதே கணக்குதான். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், ஆனால் காய்ச்சலை அளந்து பார்க்காமல் போடாதீர்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் வீட்டில் படுத்திருக்கக் கூடாது. உங்கள் நியூட்ரோஃபில் இன்றைக்கு நன்றாக இருக்கலாம், ஆனால் ஏ.டி.ஜி.யும் சைக்ளோஸ்போரினும் அடக்கிவைத்திருப்பது டி செல்களை, அந்தக் குறை கவுண்டில் தெரியாது. சென்ற முறை தப்பித்தீர்கள், அடுத்த முறை அன்றைக்கே போன் செய்யுங்கள். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே போக வேண்டும்.

வேறு டாக்டர் யாராவது மருந்து எழுதினால் "நான் சைக்ளோஸ்போரினில் இருக்கிறேன்" என்பது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்றவை அதன் அளவை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசிபின் இறக்கிவிடும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டும் கூடாது. மூலிகை மருந்துகளையும் டாக்டருக்குத் தெரியாமல் தொடாதீர்கள். கடையில் ஸ்டாக் இல்லை என்று வேறு கம்பெனி சைக்ளோஸ்போரினை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள், உடம்பில் சேரும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், மாற்றினால் அளவை மறுபடி பார்க்க வேண்டும். எல்ட்ரோம்போபேக் இன்னும் தொடர்கிறது என்றால் பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 4 மணி நேரம் பின்பு போடுங்கள். பாலோடு விழுங்கினால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். எத்தனையோ பேர் படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பாலோடு எல்லா மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

மாடி ஏறினால் கால் துவள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இது கற்பனை இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஹீமோகுளோபின் 10.8 என்பது நடமாடப் போதும், ஆனால் நிறைவு இல்லை. அதற்கு மேல், மாதக் கணக்கில் படுக்கையிலும் நாற்காலியிலும் இருந்ததில் தொடைத் தசை கரைந்திருக்கும். ஏ.டி.ஜி. கொடுத்த சமயத்தில் அதன் ஒவ்வாமைக்கும் சீரம் காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள், அதுவும் தசையைத் தின்னும். தைராய்டு, வைட்டமின் டி, பி12, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மாடி ஏறும்போது தொடை அலுத்துப் போவது வேறு, இடுப்பு மூட்டிலோ கவட்டிலோ வலிப்பது வேறு. அப்படி வலித்தால் ஸ்டீராய்டால் இடுப்பெலும்பின் தலை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இல்லையென்றால் 58,000 பிளேட்லெட்டில் நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி தொடைக்கு நல்லது, லேசான எடையும் தூக்கலாம். அடிபடுகிற விளையாட்டு மட்டும் வேண்டாம். ஒரு நாள் தெம்பாக இருக்கிறது என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் சுருண்டு படுப்பதைவிட, தினமும் கொஞ்சம், வாரா வாரம் இன்னும் கொஞ்சம் என்று போவதே பலன் தரும்.

22 யூனிட் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் விடப் போவதில்லை. ஒரு யூனிட் சிவப்பணுவில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 22 யூனிட் என்றால் ஏறக்குறைய நாலரை கிராமிலிருந்து ஐந்தரை கிராம் வரை. நல்ல உடம்பில் மொத்தமாக இருக்கும் இரும்பே 3, 4 கிராம்தான். அதிகப்படியை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் தானாகப் போகும். மிச்சம் ஈரலில், இதயத்தில், ஹார்மோன் சுரப்பிகளில் போய் உட்காரும், சோர்வுக்கு அதுவும் ஒரு பங்கு கொடுக்கலாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் எவ்வளவு என்று கேளுங்கள். சளிக் காய்ச்சல் சமயத்தில் ஃபெரிடின் பொய்யாக ஏறும், எனவே உடம்பு நன்றாக இருக்கும்போது பார்க்க வேண்டும். 1,000க்கு மேல் நின்றால் இரும்பை வெளியேற்றுவது பற்றிப் பேச வேண்டும். அதற்கு டெஃபராசிராக்ஸ் மாத்திரை கொடுத்தால் அதுவும் சைக்ளோஸ்போரினும் இரண்டுமே கிட்னியைத் தொடும், கிரியாட்டினினைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். எல்ட்ரோம்போபேக்கே ஓரளவு இரும்பைக் கட்டி இழுத்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாக ஏறி நின்ற பிறகு, அவ்வப்போது கொஞ்சம் ரத்தத்தை எடுத்துவிடுவதுகூட ஒரு வழி. கஷ்டப்பட்டு ஏற்றிய ரத்தத்தை எடுப்பதா என்று பதறாதீர்கள், அந்தக் கட்டம் வந்தால் அது நல்ல கட்டம்தான். இதற்கிடையே ரத்தசோகை என்று கேட்டவுடன் யாராவது இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: உங்கள் மகள், உங்கள் மனைவி, முகம் கொஞ்சம் உப்பிப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அந்த உப்பல் மருந்தால்கூட வரும். அவர் உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்து பாதி தூரம் வந்திருக்கிறார். வேலைக்குப் போகலாம், நான் தடுக்கவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்தால் அரை நாளாக ஆரம்பித்து, அடுத்த கவுண்ட் திருப்தியாக இருந்தால் கூட்டலாம். இருமுகிறவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், நெரிசலில் மாஸ்க் போடட்டும். உங்களால் செய்ய முடிந்த இன்னொரு உதவி, நீங்கள் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது. அவருக்கு உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி எதுவும் போடக் கூடாது, மற்ற தடுப்பூசிகளை எப்போது போடுவது என்பதை ரத்தவியல் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சகோதரி, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தைய இரவு தூக்கம் வராது என்பது நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். என் நோயாளிகளுக்கு நான் சொல்வது, எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு வரிசையாக எழுதுங்கள், ஒரு ரிப்போர்ட்டை அதற்கு முந்தைய ரிப்போர்ட்டோடு மட்டும் ஒப்பிடாமல் 3 மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். அதே நோட்டில் காய்ச்சல், புது மாத்திரை, டோஸ் மாற்றம் எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். இந்த முறை உங்கள் கடிதத்தில் அந்தக் குறிப்பு இருந்ததால்தான் 640 எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு நடுவில் மனசு கேட்கவில்லை என்று நீங்களாகப் போய் வேறு லேபில் கவுண்ட் எடுக்காதீர்கள், மெஷினுக்கு மெஷின் வரும் சின்ன வித்தியாசம் உங்களை இன்னும் அலைக்கழிக்கும். ஆனால் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் நிற்காத ரத்தம், மாதவிலக்கில் வழக்கத்துக்கு மீறிய போக்கு இருந்தால் தேதி பார்க்க வேண்டாம், போய்விடுங்கள். எப்போதாவது மறுபடி ரத்தம் ஏற்ற நேர்ந்தால் ஏ.டி.ஜி. எடுத்தவர் என்று சொல்லுங்கள், கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் வேண்டும் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

நீண்ட நாள் கண்காணிப்பில் இரண்டு டெஸ்டுகளை விட்டுவிடக் கூடாது. ஒன்று பி.என்.எச். குளோன், அதாவது எளிதில் உடைந்துபோகும் குறையுள்ள ரத்த செல்களின் கூட்டம், இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ காரணமில்லாமல் வயிறு வலித்தாலோ கால் வீங்கினாலோ உடனே பார்க்க வேண்டும். இன்னொன்று குரோமோசோம் ஆய்வோடு கூடிய மஜ்ஜைப் பரிசோதனை. 10 வருடத்தில் 100க்கு 10 முதல் 15 பேருக்கு மஜ்ஜையில் வேறு விதமான செல்கள் தலையெடுத்து எம்.டி.எஸ். (மஜ்ஜை குறையுள்ள ரத்த செல்களைச் செய்யும் நோய்) அல்லது ரத்தப் புற்றுநோய்ப் பக்கம் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. மீதிப் பேருக்கு, அதாவது மிகப் பெரும்பான்மைக்கு, அப்படி ஆவதில்லை. ஆனால் கவுண்ட் நன்றாக இருக்கிறதே என்று வருடாந்திரப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

கடைசியாகக் குழந்தை. பிறக்கும், இந்தச் சிகிச்சை கருப்பையையோ கருமுட்டையையோ கெடுப்பதில்லை, மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோதெரபி உங்களுக்குக் கொடுக்கவில்லை. கேள்வி எப்போது என்பதுதான். கர்ப்பத்தில் இந்த நோய் திரும்ப வாய்ப்பு உண்டு. 2002ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், இதே மாதிரி சிகிச்சை பெற்ற பெண்களின் 36 கர்ப்பங்களில் ஏறக்குறைய 5ல் ஒன்றில் நோய் திரும்பியது. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகப் பிறந்தன. பிளேட்லெட் குறைவாக இருந்தவர்களுக்கும் பி.என்.எச். இருந்தவர்களுக்கும்தான் சிக்கல் அதிகம். அதனால் கவுண்ட் ஏறி, ஒரு நல்ல காலம் அப்படியே நின்று, ஃபெரிடின் கட்டுக்குள் வந்து, எல்ட்ரோம்போபேக்கும் டெஃபராசிராக்ஸும் நின்ற பிறகு முயற்சி செய்வது நல்லது. சைக்ளோஸ்போரின் முழுக்க நிற்கும் வரை காத்திருந்தே ஆக வேண்டும் என்றில்லை, உறுப்பு மாற்று செய்துகொண்ட பல பெண்கள் அதைப் போட்டுக்கொண்டே பிள்ளை பெற்றிருக்கிறார்கள், உங்கள் நிலையில் எது சரி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை கருத்தடைக்கு ஏற்பாடு அவசியம், ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், பி.என்.எச். குளோன் இருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அடுத்த முறை போகும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு போய் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள், மகப்பேறு மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி இப்போதே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் நாளைக்குக் காலையில் அந்தப் போன்.